திரைக்கு அந்தப் பக்கம் யார்?

மாட்ஸ் ஸ்டீன் 2014 நவம்பர் 18 அன்று நார்வேயின் ஆஸ்லோ நகரில் இறந்தபோது அவருக்கு வயது 25. டூஷென் எனப்படும் தசைச்சிதைவு நோய் அவருக்கு இருந்தது. மரபணுக் கோளாறால், பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வரும் நோய் அது. கால்களில் தொடங்கி தசைகள் ஒவ்வொன்றாக வலுவிழந்து, கடைசியில் மூச்சுக்கும் இதயத்துக்கும் வேண்டிய தசைகளையும் தொட்டுவிடும். மாட்ஸ் சின்ன வயதிலேயே சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். வளர்ந்த பிறகு பெற்றோர் வீட்டை ஒட்டியே அவருக்கென்று ஒரு சிறிய குடியிருப்பு அமைந்தது. அங்கே பகலிலும் திரைச்சீலை இழுத்து மூடியிருக்கும். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் மாட்ஸ் உட்கார்ந்திருப்பார்.

அப்பா ராபர்ட்டும் அம்மா ட்ரூடும் பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தோடு வேறொரு துக்கத்தையும் சுமந்தார்கள். இவனுக்கு ஒரு நண்பன் கிடைக்கவில்லையே, ஒரு பெண்ணிடம் அன்பு வைக்கக் கொடுத்துவைக்கவில்லையே, அடுத்தவர் வாழ்க்கையில் ஒரு தடம்கூடப் பதிக்காமல் போய்விட்டானே என்ற துக்கம். மாட்ஸ் ஒரு வலைப்பூ எழுதிவந்தார். அதன் கடவுச்சொல் அப்பாவிடம் இருந்தது. மகன் இறந்த செய்தியை அதில் எழுதி, யாராவது பேச விரும்பினால் எழுதட்டும் என்று தன் மின்னஞ்சல் முகவரியையும் போட்டார். யார் எழுதப்போகிறார்கள் என்ற நினைப்புதான் அவருக்கு.

அன்றே கடிதங்கள் வரத் தொடங்கின. ஒன்று, இரண்டு என்று வந்தவை பிறகு நிற்கவே இல்லை. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து, முன்பின் தெரியாத மனிதர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். என் கஷ்டகாலத்தில் உங்கள் மகன்தான் என்னோடு பேசிக்கொண்டிருந்தார் என்றார் ஒருவர். என் குடும்பம் உடையாமல் இருக்க அவர் சொன்ன யோசனைதான் காரணம் என்றார் இன்னொருவர். இறுதிச் சடங்குக்கு அவர்களில் ஐந்து பேர் வந்தார்கள். பயணச் செலவுக்கு வழியில்லாதவர்களுக்காக மற்றவர்கள் பணம் திரட்டியிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் நின்ற உறவினர்களுக்கு அந்த ஐந்து முகங்களும் புதியவை. மாட்ஸும் அவர்களில் பெரும்பாலோரை நேரில் பார்த்தவர் இல்லை.

எல்லோரும் பழகிய இடம் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற ஆன்லைன் விளையாட்டு. அதில் மாட்ஸுக்குப் பெயர் இபெலின் ரெட்மூர். கட்டுமஸ்தான உடம்பு, அள்ளி முடிந்த கூந்தல், பிரபு வம்சம், துப்பறியும் தொழில். 'ஸ்டார்லைட்' என்ற குழுவில் சுமார் 30 பேரில் ஒருவர். விளையாட்டுக்குள் நுழைந்ததும் இபெலின் முதலில் செய்வது ஓட்டம். காடு, கடற்கரை, மலைப்பாதை என்று அரை மணி நேரம் ஓடிவிட்டுத்தான் மற்ற வேலை. விரல்களைத் தவிர வேறொன்றையும் பெரிதாக அசைக்க முடியாத ஒருவர் தினமும் அரை மணி நேரம் ஓடினார் என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு பதின்வயதுப் பெண்ணின் பாத்திரம், முதல் சந்திப்பிலேயே இபெலினின் தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அங்கிருந்து வளர்ந்தது அவர்கள் நட்பு. கொஞ்ச நாளில், படிப்பு கெடுகிறது என்று அந்தப் பெண்ணின் பெற்றோர் விளையாட்டைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். அவள் இடிந்துபோனாள். மாட்ஸ் அந்தப் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் கவலை நியாயம்தான், ஆனால் அவளுடைய நண்பர்கள் இங்கேதான் இருக்கிறார்கள், அதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் என்கிற தோரணையில் மரியாதையாக எழுதிய கடிதம். டென்மார்க்கில் ஒரு தாய். அவருடைய மகனுக்கு ஆட்டிசம். வீட்டைவிட்டு வெளியே வருவதே அவனுக்குப் பாடு. அம்மா கட்டியணைத்தால் தாங்கமாட்டான். நீங்களும் அவனோடு சேர்ந்து விளையாடிப் பாருங்கள் என்று மாட்ஸ் சொல்ல, தாயும் மகனும் விளையாட்டுக்குள்ளே சந்தித்தார்கள். அங்கே அவன் பாத்திரம் அம்மாவின் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டது.

இவையெல்லாம் அந்தக் குழுவின் பழைய உரையாடல்களில் பதிவாகி இருக்கின்றன. அச்சிட்டால் 42,000 பக்கம் வரும் அந்தப் பதிவுகளை வைத்துக்கொண்டு பெஞ்சமின் ரீ என்ற நார்வே இயக்குநர் எடுத்த ஆவணப்படம் 2024 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் விருது வாங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. 'தி ரிமார்க்கபிள் லைஃப் ஆஃப் இபெலின்' என்று தேடினால் கிடைக்கும். மாட்ஸைப் புனிதராக்கும் படமில்லை. உடம்பு மோசமாக மோசமாக அவர் நண்பர்களிடம் எரிந்து விழுந்ததும், தன் நோயைப் பல ஆண்டுகள் மறைத்ததும் அதில் இருக்கின்றன.

இந்தக் கதையில் நம் வீடுகளுக்கு வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. வாழ்வின் கடைசிப் பத்தாண்டுகளில் மாட்ஸ் விளையாட்டில் செலவிட்டது 15,000 முதல் 20,000 மணி நேரம். நாளுக்குச் சராசரி நான்கு முதல் ஐந்தரை மணி நேரம், ஒரு நாள் விடாமல் பத்து வருடத்துக்கு! 'சோறு தண்ணி இல்லாம அதுலயே கிடக்கிறான்' என்று நாம் புலம்புகிற எந்தப் பிள்ளைக்கும் குறையாத நேரம். மணி நேரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் மாட்ஸ் வாழ்க்கையை வீணடித்தவர் ஆகிவிடுவார். அப்படித்தான் அவரைப் பெற்றவர்களே நினைத்திருந்தார்கள்.

அதே வகை விளையாட்டு, வேறொரு வீடு

மாட்ஸின் கதையை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது நேர்மையாக இருக்காது.

தென்கொரியாவின் சுவோன் நகரில் 2009 செப்டம்பரில் மூன்று மாதப் பெண் குழந்தை ஒன்று பசியால் இறந்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை. தாயும் தகப்பனும் அதை வீட்டில் விட்டுவிட்டு இணைய விளையாட்டு மையத்துக்குப் போய்விடுவார்கள். இரவெல்லாம் அங்கேதான். குழந்தைக்கு நாளுக்கு ஒரு வேளைப் பால். அவர்கள் ஆடிய 'பிரியஸ் ஆன்லைன்' விளையாட்டில் ஆடுபவர் ஒவ்வொருவரும் ஒரு சிறுமியை வளர்ப்பார்கள். அந்தப் பொம்மைச் சிறுமிக்கு ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொண்டவர்கள், பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டார்கள். 2010இல் கைதாகித் தண்டனையும் பெற்றார்கள். அதற்கும் முன்பு, 2005இல், அதே நாட்டின் டேகு நகரில் 'ஸ்டார்கிராஃப்ட்' விளையாட்டை ஏறக்குறைய 50 மணி நேரம் இடைவிடாமல் ஆடிய ஓர் இளைஞர் சுருண்டு விழுந்து இறந்தார்.

சுவோன் தம்பதி ஆடியதும் மாட்ஸ் ஆடியதும் ஒரே வகையைச் சேர்ந்தவை. பலர் சேர்ந்து வாழும் பெரிய கற்பனை உலகங்கள். ஓரிடத்தில் அது ஒரு மனிதனுக்கு உலகத்தையே கொடுத்தது, இன்னோரிடத்தில் ஒரு குழந்தையின் உயிரைக் கொண்டுபோனது. ஆகவே 'ஆன்லைன் கேம் நல்லதா கெட்டதா' என்ற பட்டிமன்றத் தலைப்பை ஒதுக்கி வைத்துவிடலாம். எவ்வளவு நேரம் என்ற கேள்வியும் தனியாக நின்றால் உதவாது. விளையாடுகிறவர் வாழ்க்கையில் வேறு என்ன இருக்கிறது, திரைக்கு அந்தப் பக்கம் அவருக்காகக் காத்திருப்பது யார் என்பதுதான் நான் கேட்க விரும்பும் கேள்வி.

ஆராய்ச்சியாளர்களும் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம்தான் வருகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2022இல் வெளியிட்ட ஆய்வில் 7 விளையாட்டுகளை ஆடும் 38,935 பேர் கலந்துகொண்டார்கள். எத்தனை மணி நேரம் ஆடினார்கள் என்பதை ஆடுபவரிடம் கேட்காமல் நிறுவனங்களின் பதிவிலிருந்தே எடுத்தது இந்த ஆய்வின் பலம். (பிள்ளைகளும் சரி பெரியவர்களும் சரி, இந்த விஷயத்தில் சொல்லும் கணக்கை நம்ப முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.) ஆறு வாரம் கவனித்ததில், ஆடும் நேரம் கூடுவதாலோ குறைவதாலோ மனநலத்தில் சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை. வழக்கத்தைவிட நாளுக்கு 10 மணி நேரம் கூடுதலாக ஆடினால்தான் ஒருவர் தன் மனநிலையில் வித்தியாசத்தை உணரும் அளவுக்கு அந்த விளைவு சிறியது. ஆனால் ஒன்று வித்தியாசம் காட்டியது. ஆசைப்பட்டு ஆடுகிறவர்கள் நன்றாக இருந்தார்கள். ஆடியே தீர வேண்டும் என்ற உந்துதலில் ஆடுகிறவர்கள் அப்படி இல்லை.

ஜப்பானில் நடந்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. கொரோனா காலத்தில் அங்கே பிளேஸ்டேஷன், நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிகளுக்குக் கடும் தட்டுப்பாடு. கடைக்காரர்கள் குலுக்கல் நடத்தி விற்றார்கள். குலுக்கலில் கிடைத்தவர், கிடைக்காதவர் என்று அதிர்ஷ்டமே மக்களை இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டதால், ஆராய்ச்சியாளர்களுக்கு எங்கும் கிடைக்காத ஒரு சோதனைக்கூடம் வாய்த்தது. 97,602 பேரிடம் திரட்டிய தகவலை வைத்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். கருவி கிடைத்தவர்களின் மனநலம் மேம்பட்டிருந்தது. நாளுக்கு 3 மணி நேரத்தைத் தாண்டும்போது அந்தப் பலன் தேய்ந்துகொண்டே போனது.

சராசரி இப்படித்தான் சொல்லும். அது ஆயிரம் பேரைக் கூட்டி வகுத்துச் சொல்லும் எண். பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று ஒரு மாதமாக அறைக்குள் கிடக்கும் பையனின் அம்மாவுக்கு அதில் என்ன ஆறுதல் இருக்கிறது? அவனைப் போன்றவர்கள் குறைவுதான். ஆனால் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் 'கேமிங் டிஸார்டர்' என்பதைச் சேர்த்தது. 2019இல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்த வரையறையைப் பெற்றோர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது முதல் அடையாளம். சாப்பாடு, தூக்கம், படிப்பு, வேலை, பழகிய மனிதர்கள் என எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி விளையாட்டு முன்னால் வந்து நிற்பது இரண்டாவது. கெடுதல் கண்முன்னே தெரிந்தும் விடாமல் தொடர்வது மூன்றாவது. இவை பொதுவாக ஓராண்டாவது நீடித்திருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையை நன்றாகவே குலைத்திருக்க வேண்டும். அந்த வரையறையில் எங்கேயும் 'இத்தனை மணி நேரம்' என்று ஓர் எண் கிடையாது.

நேரம் மட்டுமே அளவு அல்ல என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் சென்னையின் பிரக்ஞானந்தா, 16 வயதில், ஆன்லைன் செஸ் போட்டி ஒன்றில் அன்றைய உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சனைத் தோற்கடித்தார். மூன்று மாதம் கழித்து இன்னோர் ஆன்லைன் போட்டியில் அனீஷ் கிரியோடு ஆடிய அரையிறுதி முடியும்போது நம் நேரப்படி நள்ளிரவு 2 மணி. விடிந்தால் பதினோராம் வகுப்புத் தேர்வு. பள்ளிப் பிள்ளை, திரை, இணையம், நடுராத்திரி என நாம் பயப்படும் எல்லாமே அதில் இருந்தன. ஊரே கொண்டாடியது. கொண்டாடியது சரிதான். அந்தப் பையனைச் சுற்றிப் பெற்றோரும் அக்காவும் பயிற்சியாளரும் பள்ளிக்கூடமும் இருந்தார்கள். ஆட்டம் முடிந்தால் திரும்பி வர அவருக்கு ஓர் உலகம் இருந்தது. போனில் ஃப்ரீ ஃபயர் விளையாட்டு ஆடும் பையனுக்கும் அந்த உலகம் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இல்லையென்றால், போனைப் பிடுங்குவது வெப்பமானியை உடைத்துக் காய்ச்சலைப் போக்கப் பார்ப்பது போல. வகுப்பில் யாராவது அவனைக் கேலி செய்கிறார்களா, மார்க் பயமா, வீட்டில் தினமும் சண்டையா, அப்பா ஊரில் இல்லையா என்பதையெல்லாம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பர்ஸுக்குள் நீளும் கை

திரைக்கு அந்தப் பக்கம் நண்பர்கள் மட்டும் இல்லை. விளையாட்டைச் செய்தவர்களும் இருக்கிறார்கள். என் கோபம் முழுவதும் இங்கேதான்.

மாட்ஸ் ஆடிய காலத்தில் அந்த விளையாட்டுக்கு மாதச் சந்தா. கட்டினால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆடலாம். அதிலும் ஆளை இழுத்துப் பிடிக்கும் வித்தைகள் இருந்தன, அதில் விழுந்து வேலையையும் குடும்பத்தையும் தொலைத்தவர்களும் உண்டு. ஆனாலும் மாதக் கட்டணத்துக்கு மேல் ஒருவரிடமிருந்து கறக்கப் பெரிய வழி இல்லை. இன்று நம் பிள்ளைகள் கையிலிருக்கும் விளையாட்டுகள் பெரும்பாலும் இலவசம். இலவசம் என்றால் காசு வேறு எங்கிருந்தோ வந்தாக வேண்டும்.

ஒரு பையன் போனைத் திறப்பதிலிருந்து கவனியுங்கள். உள்ளே போனதும் 'இன்றைய பரிசு' கண்ணைச் சிமிட்டும். நேற்று வந்தாய், இன்றும் வந்தாய், ஏழு நாள் விடாமல் வந்தால் பெரிய பரிசு. ஒரு நாள் தவறினால் கணக்கு முதலிலிருந்து. அடுத்து, இன்னும் 2 நாளில் மறைந்துவிடப்போகிற ஒரு 'ஸ்கின்', அதாவது பாத்திரத்துக்கான உடுப்பு. அதன் விலை ரூபாயில் இருக்காது. 'டயமண்ட்' அல்லது 'யூசி' கணக்கில் இருக்கும். ரூபாய் கொடுத்து முதலில் டயமண்ட் வாங்க வேண்டும். நமக்கு வேண்டிய எண்ணிக்கைக்குச் சரியாக எந்தப் பொட்டலமும் அமையாது. கொஞ்சம் மிஞ்சும் அல்லது கொஞ்சம் குறையும். மிஞ்சியதைச் செலவழிக்க இன்னொரு டாப்-அப். பிறகு சக்கரம் சுழலும் 'லக்கி ஸ்பின்'. பெட்டியைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாது. நல்லது ஒன்று வருவதுபோல் வந்து, பக்கத்தில் போய் நிற்கும். இன்னொரு சுற்று சுற்றத் தோன்றும். எதுவும் வாங்காமல் பழைய உடுப்போடு ஆடுகிற பையனை மற்றவர்கள் 'நூப்' என்று மட்டம் தட்டுவார்கள். பன்னிரண்டு, பதிமூன்று வயதில் அந்தச் சொல் எங்கே குத்தும் என்று பெரியவர்கள் மறந்துவிட்டோம்.

ஆசைப்பட்டு ஆடுவதை, ஆடியே தீர வேண்டும் என்று மாற்றுவதற்கு ஆட்களை வேலைக்கு வைத்துச் செய்த ஏற்பாடு இது. பெரியவர்கள் சீட்டாட்டத்தில் காசு தொலைப்பதற்கு எந்த மனக்கூறு காரணமோ, அதைப் பள்ளிப் பிள்ளைகளின் மீது பிரயோகிக்கிறார்கள். பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018இலேயே, காசு கொடுத்து வாங்கும் இந்த அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டம்தான் என்று அறிவித்தது. பெரிய நிறுவனங்கள் அங்கே அவற்றை விலக்கிக்கொண்டன. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டின் எபிக் கேம்ஸ் நிறுவனம் மொத்தம் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பிள்ளைகளின் தகவல்களைப் பெற்றோர் சம்மதமின்றித் திரட்டியது ஒரு குற்றச்சாட்டு. ஒரே பொத்தானை அழுத்தியதும் கேட்காமல் கொள்ளாமல் காசு போய்விடும்படி திரையை அமைத்திருந்தது இன்னொன்று. அந்த இரண்டாவதற்காக மட்டும் 24.5 கோடி டாலரை ஏமாந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு வந்தாலே ஆன்லைன் ரம்மியும் பிள்ளைகளின் விளையாட்டும் ஒரே தட்டில் விழுந்துவிடுகின்றன. ரம்மியில் கடனாளியாகி உயிரை விட்டவர்கள் வீடுகள் நம் மாநிலத்தில் ஊருக்கு ஊர் இருக்கின்றன. நீதிபதி சந்துரு தலைமையில் குழு, 2022இல் அவசரச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதா, மீண்டும் நிறைவேற்றி 2023 ஏப்ரலில் கிடைத்த ஒப்புதல், உயர் நீதிமன்ற வழக்குகள் என்று நீண்ட போராட்டம் அது. 2025 பிப்ரவரியில் வந்த விதிகள் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை தடை போட்டன. 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை என்றன. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரை மணிக்கு ஒருமுறை எச்சரிக்கை வர வேண்டும் என்றன. அந்த ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அவற்றை ஏற்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு படி மேலே போய், பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை இல்லை. அவர் பாதிக்கப்பட்டவர் என்று சட்டம் பார்ப்பது நல்ல விஷயம்.

எனக்கு இதில் பெரிய நிம்மதி உண்டு. ஆனால் அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸையும் பொழுதுபோக்கு விளையாட்டுகளையும் ஊக்குவிக்கிறது. அந்தப் பொழுதுபோக்கு விளையாட்டுகளுக்குள் சுழலும் லக்கி ஸ்பின்னைப் பற்றிப் பெயர் சொல்லி அதில் ஒன்றும் இல்லை. பரிசு விழும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று வாங்கும் இடத்திலேயே தெளிவாகப் போட வேண்டும். விலை ரூபாயில் இருக்க வேண்டும். சிறுவர் கணக்கில் ஒவ்வொரு வாங்கலுக்கும் பெரியவரின் ரகசிய எண் கேட்க வேண்டும். சிறுவருக்கு அதிர்ஷ்டப் பெட்டியே கூடாது. இந்த நான்கையும் கேட்டு வாங்க வேண்டியது நம் கடமை.

நேரத்துக்குப் பூட்டுப் போடும் வழியை மற்ற நாடுகள் நமக்கு முன்பே முயன்று பார்த்துவிட்டன. தென்கொரியா 2011இல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆன்லைன் விளையாட்டைத் தடுத்தது. பிள்ளைகள் பெற்றோர் அடையாள எண்ணைப் போட்டு நுழைந்தார்கள், பிறகு சட்டம் தொடாத மொபைலுக்கு மாறினார்கள். பத்தாண்டு பார்த்துவிட்டு 2022 ஜனவரியோடு அந்தச் சட்டத்தை அரசே எடுத்துவிட்டது. சீனா 2019இல் நேரக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2021இல் அதை இறுக்கி, வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும் என்றது. 2019 விதிக்கு முன்னும் பின்னும் 700 கோடி மணி நேர ஆட்டத்தின் பதிவுகளை அலசிய ஓர் ஆய்வு, அதிகம் ஆடுபவர்களின் ஆட்டம் அந்த விதியால் குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2023இல் சொன்னது. இந்தியாவில் பிஜிஎம்ஐ என்ற மொபைல் விளையாட்டு 18 வயதுக்குக் கீழ் நாளுக்கு 3 மணி நேரம் என்று எல்லை வைத்திருக்கிறது. அப்பாவின் எண்ணைக் கொடுத்தால் அந்த எல்லை என்ன ஆகும் என்பது பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

'இந்த மேட்ச் முடியட்டும்மா'

வீட்டுக்கு வருவோம். இரவு 8.30. தோசை ஆறிக்கொண்டிருக்கிறது. "டேய், எத்தனை வாட்டி கூப்பிடுறது?" "இரும்மா, இந்த மேட்ச் முடியட்டும்." ஐந்து நிமிடத்தில் இன்னொரு கத்தல், பத்தாவது நிமிடம் போன் பிடுங்கப்படும், பிள்ளை கதவை அறைந்து சாத்துவான். எத்தனையோ வீடுகளில் தினமும் இதுதான் நடக்கிறது.

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. பிஜிஎம்ஐயில் ஒரு முழு மேட்ச் ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும். நடுவில் நிறுத்திவைக்க வழியே கிடையாது. நாலு பேர் ஸ்குவாடாக இறங்கியிருப்பார்கள். ஒருவன் எழுந்து போனால் மற்ற மூவர் மாட்டிக்கொள்வார்கள், ரேங்க் இறங்கும், மறுநாள் பள்ளியில் அவன் பதில் சொல்ல வேண்டும். தெருவில் கிரிக்கெட் ஆடும்போது பேட்டிங் முடிந்ததும் ஃபீல்டிங் செய்யாமல் வீட்டுக்கு ஓடுகிறவனை நாமும் மன்னித்ததில்லை. ஆகவே 'இப்பவே வை' என்பதைவிட 'இதோட நிறுத்து, அடுத்தது தொடங்காதே' என்பது நியாயமான கட்டளை. எட்டு மணிக்குப் பிறகு புது மேட்ச் தொடங்கக் கூடாது என்று பேசி முடிவு செய்தால் எட்டரைக்குச் சண்டை வராது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் விளையாட்டு எப்படி நடக்கிறது என்று தெரிந்த ஒருவர் சொல்வதைப் பிள்ளை கேட்பான். ஒன்றும் தெரியாமல் கத்துகிறவரிடம் ஒளிப்பான்.

தெரிந்துகொள்ள ஒரே வழிதான், பக்கத்தில் போய் உட்காருவது. யாரோடு ஆடுகிறாய், அவன் எந்த ஊர், எப்படிப் பழக்கம், என்ன பேசுவீர்கள் என்று விசாரணைத் தொனி இல்லாமல் கேளுங்கள். பள்ளித் தோழன் பெயர் வந்தால் ஒரு விதம். முகம் தெரியாத பெரியவர் தனியாகப் பேசுகிறார், பரிசு அனுப்புகிறார் என்று வந்தால் உடனே தலையிட வேண்டிய விஷயம். யாரோடும் பேசுவதில்லை, சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறேன் என்றால் அதுவும் கவனிக்க வேண்டியதுதான். மாட்ஸின் அப்பாவும் மகன் விளையாடும்போது சில நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். திரையில் ஓடும் சண்டையைத்தான் பார்த்தார். அதற்குக் கீழே ஓடிய எழுத்து உரையாடல்தான் தன் மகனின் வாழ்க்கை என்பது அவருக்குத் தெரியவில்லை. மகன் ராத்திரி சீக்கிரம் தூங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நண்பர்கள் எல்லோரும் வருவது அந்த ராத்திரி நேரத்தில்தான் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டு வருந்தியிருக்கிறார். நல்ல தகப்பன். அவருக்கே அது தெரியாமல் போயிற்று.

தூக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வளரும் பிள்ளைக்கு எட்டு மணி நேரத் தூக்கம் கெட்டால் மற்ற எல்லாம் கெடும். எரிச்சல், மறதி, காலையில் எழ மறுப்பு என்று நாம் விளையாட்டின் மேல் போடும் பழியில் பாதி தூக்கக் கேட்டின் வேலை. இரவில் போன் கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும். அப்பா, அம்மா போனும் அங்கேயே இருந்தால்தான் இந்த விதி நிற்கும்.

இதையும் தாண்டிப் போகும் வீடுகள் உண்டு. குளிப்பதில்லை, பள்ளி நின்றுவிட்டது, கேட்டால் பொருட்களை உடைக்கிறான், பீரோவில் காசு காணாமல் போகிறது. அங்கே அறிவுரை வேலை செய்யாது, அடியும் வேலை செய்யாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014இலிருந்து இதற்கென்றே ஷட் கிளினிக் என்ற தனிப் பிரிவு நடக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். டெலி மானஸ் இலவச எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். மனச்சோர்வோ பதற்றமோ கவனக்குறைபாடோ முன்பே இருந்து, அதிலிருந்து ஓடி ஒளியப் பிள்ளை விளையாட்டுக்குள் போயிருக்கக் கூடும். மருத்துவர்கள் முதலில் அதைத்தான் தேடுவார்கள். போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் என்ன விளையாடுகிறான், யாரோடு, எதற்காக என்பதை அவன் வாயாலேயே சொல்லவிடுங்கள்.